வெளுக்காத நீலம்

அக்கா: போதும்டா, இறங்கு. இந்த ஏணிய எவ்வளவு நேரம்தான் பிடிச்சுக்கிட்டு நிப்பேன்?

தம்பி: இரு… நாம மாட்டுன ஜன்னல் இன்னும் நீலமாவே இருக்கு. பட்டனை அமுக்குனியா?

அக்கா: அமுக்கியாச்சு.

தம்பி: எந்தப் பக்கம்? மேல அமுக்குனா கரண்டு பாய்ஞ்சு கண்ணாடி நீலமாக் கருக்கும். கீழ அமுக்குனாத்தான் கரண்டு திரும்பிப் போய் வெளுக்கும்.

அக்கா: ஆமா, நான் நேத்துதான் இந்த வேலைக்கு வந்தேன் பாரு!

தம்பி: அப்போ வயரை மாத்திக் கொடுத்திருக்கே. மேகம் கட்டுன மாதிரி இருட்டிக்கிட்டு நிக்குது. வீட்டுக்காரம்மா வந்து கேட்டா…

அக்கா: டேய், விளையாடாதே.

தம்பி: யாரு விளையாடுறா?

அக்கா: கண்ணாடி வெளுத்து எப்பவோ ஆச்சு. உன் மூஞ்சி மேல வெயில் சுள்ளுன்னு அடிக்குதுடா!

தம்பி: வெயிலா? எங்கக்கா?

அக்கா: இறங்கு. மெதுவா… கையக் கொடு. என்னைப் பாரு. தெரியுதா?

தம்பி: நேரா பாத்தா தெரியுதுக்கா, மங்கலா. சுத்தித்தான்… ஒண்ணுமே இல்ல.

அக்கா: எப்போலேர்ந்து?

தம்பி: கொஞ்ச நாளா.

அக்கா: கொஞ்ச நாளாவா! காலைல வண்டிய நீதானே ஓட்டிட்டு வந்தே? பின்னாடி என் புள்ளைங்க உக்காந்திருந்தாங்களே, பாவி! ஸ்கூல் வாசல்ல அந்த சைக்கிள்காரன்… மயிரிழைல தப்பிச்சானே…

தம்பி: அவன் எங்கேர்ந்து வந்தான்னே தெரியலக்கா. சத்தியமா.

அக்கா: ஐயோ… குறுக்க வந்தது அவன்தான்னு நானும் சேந்து திட்டினேனே!

தம்பி: கத்தாதே, கீழ கேக்கும்.

அக்கா: டாக்டர்கிட்ட போனியா இல்லையா?

தம்பி: போனேன். போன பார்வை திரும்பாதாம். பரம்பரையா வர்ற கோளாறாம். கூடப் பொறந்தவங்க இருந்தா கூட்டிட்டு வாங்கன்னார்.

அக்கா: அப்புறம் ஏன்டா எங்கிட்ட வாயே தொறக்கல?

தம்பி: எப்படிக்கா சொல்வேன்? உனக்கும் இருந்துட்டா? தெரியாத வரைக்கும் நீயாவது நிம்மதியா இருப்பேன்னு… என்னக்கா, அப்படியே உக்காந்துட்டே? அக்கா?

அக்கா: எனக்குப் போன வருஷமே ஆரம்பிச்சிடுச்சுடா. புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னுதான்… வண்டிச் சாவிய உன் கையில கொடுத்தேன்.