கோழிதான் கொத்தியது

ஆடு எதையும் தின்னும் என்று சொல்கிறவர்கள் ஆடு வளர்த்தவர்களாக இருக்க மாட்டார்கள். தரையில் விழுந்து கால் பட்ட தழையை ஆடு மோந்துகூடப் பார்க்காது. கட்டித் தொங்கவிட்டால்தான் தின்னும். தண்ணீரில் ஒரு துரும்பு மிதந்தால் வாயை வைக்காமல் நம் முகத்தைப் பார்க்கும். நாலு தூறல் விழுந்தால் உலகமே இடிந்து விழுந்த மாதிரி கத்தும். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இன்ஸ்பெக்டர் அம்மா, பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள்கூடவா வெளியூர் போனதில்லை என்று நேற்று நீங்கள் ஆச்சரியப்பட்டீர்கள். ஆடு இருக்கிற வீட்டில் அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

எங்கள் அம்மா இறந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது, தங்கைக்கு ஏழு. அப்பா இரண்டு பெட்டை ஆடுகளைக் கொண்டுவந்து வாசலில் கட்டினார். "பாத்துக்கோ, வேலைக்குப் போயிட்டு வந்துடறேன்" என்றார். ஆடுகளைச் சொன்னாரா, தங்கையைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. அவர் திரும்பி வரவில்லை. இரண்டு ஆடு இருபத்து மூன்று ஆனது. கோழி நாற்பதுக்குக் குறைந்ததில்லை.

தங்கையை நான் குட்டி என்றுதான் கூப்பிடுவேன். "குட்டி" என்று சத்தம் போட்டால் ஐந்தாறு தலைகள் திரும்பும், கடைசியாகத் திரும்புவது அவளாக இருக்கும். "நாலு காலுக்கு இருக்கிற மரியாதை ரெண்டு காலுக்கு இல்ல" என்பாள். நல்ல வாய் அவளுக்கு.

விடிவதற்கு முன் எழுந்து கோழிக்கூட்டைத் திறக்க வேண்டும். பிறகு கொட்டகை. எங்கள் ஆட்டுக்கொட்டகை பரண் போட்டது. ஆள் உயரத்துக்குப் பலகைத் தளம், பலகை இடுக்கு வழியாகப் புழுக்கை கீழே விழும், ஏறுவதற்கு ஒரு மர ஏணி. கீழே கூட்டி அள்ளி, மேலே ஏறிப் பால் கறந்து, தழை ஒடித்து வந்து கட்டி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். மத்தியானம் குளம்பு வளர்ந்ததைச் சீவுவது, உண்ணி பார்ப்பது, முட்டை பொறுக்குவது. சாயங்காலம் காலையில் செய்ததையெல்லாம் மறுபடியும் செய்ய வேண்டும். ஒரு வேளை தவறினால் பால் தேங்கி மடி கட்டிக்கொள்ளும். மடி கட்டிய ஆட்டின் அருகில் ஒரு தடவை நின்று பார்த்தால் நீங்களும் வெளியூர் போக மாட்டீர்கள்.

எனக்கு ஒரு வரன் வந்தது. ஜவுளிக்கடைக்காரர். தங்கையை எங்கேயாவது விடுதியில் சேர்த்துவிடலாம் என்றார். நான் முடியாது என்றேன். அவர் எழுந்து போகும்போது செருப்பில் புழுக்கை ஒட்டியிருந்ததைப் படியில் தேய்த்துத் துடைத்துவிட்டுப் போனார். எனக்கு வருத்தமில்லை. தங்கைக்காகத்தானே செய்தேன். அதை அவளிடம் அடிக்கடி சொல்லியும் காட்டியதில்லை. வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை சொல்லியிருப்பேன்.

வேலி தாண்டிப் பறக்கிற கோழியை என்ன செய்வார்கள் தெரியுமா? இறக்கையில் ஒரு பக்கம் மட்டும் நுனியை வெட்டிவிடுவார்கள். இரண்டு பக்கமும் வெட்டக்கூடாது. வெட்டினால் சமமாகிவிடும், எப்படியாவது தட்டுத்தடுமாறித் தாண்டிவிடும். ஒரு பக்கம் வெட்டினால் எழும்பும்போது சாயும். நாலு தடவை சாய்ந்து விழுந்த பிறகு தானே விட்டுவிடும். வலி கிடையாது. நகம் வெட்டுகிற மாதிரிதான்.

தங்கை படித்தாள். நான்தான் படிக்க வைத்தேன். இருபத்து மூன்று வயதில் அவளுக்கு நகரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். அதற்கு முந்தைய வியாழக்கிழமை, பரணிலிருந்து பால் செம்போடு இறங்கும்போது ஏணியிலிருந்து விழுந்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. அந்த ஏணியை நான் ஒன்றும் செய்யவில்லை. அதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். மழை பெய்திருந்தது, படி வழுக்கியது, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். கொட்டகையை யார் பார்ப்பது? நானே கட்டினேன். ஆட்டுக்குக் கால் முறிந்தால் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி நேராக்குவதில் எனக்குக் கைராசி உண்டு. பக்கத்து ஊர்களிலிருந்துகூடத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நான் கட்டிய ஆடு ஒன்றுகூட நொண்டியதில்லை. மூன்றாம் நாள் வீக்கம் வடிந்ததும் விரலால் தடவிப் பார்த்தேன். எலும்பின் இரண்டு முனையும் சரியாக உட்காரவில்லை. ஒன்றின் மேல் ஒன்று லேசாக ஏறியிருந்தது. பிடித்து ஒரு தடவை இழுத்தால் போதும். என் கைக்கு அது தெரிந்தது.

"சரியா இருக்காக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு" என்றேன். மறுபடியும் அப்படியே கட்டினேன்.

நான் எதையும் உடைக்கவில்லை, அம்மா. உடைந்ததை இருந்தபடி விட்டேன். அவளும் வலி குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டாள். மூன்று மாதத்தில் நடந்தாள், சாய்ந்து சாய்ந்து. அலுவலகத்தில் காத்திருக்கவில்லை. அதன் பிறகு மூன்று வருஷம் நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம். அவள் கோழிகளைப் பார்த்துக்கொண்டாள், நான் ஆடுகளை. கல்யாணம் கச்சேரி என்று எங்கும் போகவில்லை. சாயங்காலம் ஒரே தட்டில் சாப்பிட்ட நாள்கூட உண்டு. தூரத்தில் மெயின் ரோட்டில் பஸ் போகும்போது மட்டும் கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிட்டு நிற்பாள். பஸ் திரும்பி மறைகிற வரை நிற்பாள். மனுஷி என்றால் வேடிக்கை பார்க்கத்தானே செய்வாள்.

ஊசிக்காரரை உங்களுக்குத் தெரியும். இங்கே வந்து என்மேல் புகார் எழுதிக் கொடுத்தவர் அவர்தான். கால்நடைகளுக்குத் தடுப்பூசி போட வருகிறவர். பழையவர் ஓய்வுபெற்ற பிறகு இவர் வந்தார். முதல் நாளே அவள் நடையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"காலு யாரு கட்டினது?"

"எங்கக்கா. கைராசிக்காரி" என்றாள் அவள், பெருமையாக.

அந்த மாதம்தான் கால் கட்டுப் பிரித்த கிடாய் ஒன்று முற்றத்தில் துள்ளிக்கொண்டிருந்தது. அவர் கிடாயைப் பார்த்தார். அவள் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே, "ஆபரேஷன் பண்ணா நேராயிடும். பெரிய விஷயமில்ல" என்றார், அவளைப் பார்த்து.

வருஷத்துக்கு மூன்று தடவை வர வேண்டியவர் மாதத்துக்கு மூன்று தடவை வர ஆரம்பித்தார். எங்கள் ஆடுகளுக்கு அவ்வளவு ஊசி தேவைப்படவில்லை. போன மாதம் நேராகவே பேசினார். கல்யாணம் செய்துகொள்கிறேன், நகரத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது, காலையும் அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் சரி பண்ணிவிடலாம் என்றார். நான் ஆட்டின் குளம்பைச் சீவிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

"நீங்களும் வரணும்க்கா. ரெண்டு ரூம் இருக்கு. ஜன்னல் இருக்கிற ரூமு உங்களுக்கு."

"இதுங்கள என்ன பண்றது?"

"மொத்தமா வாங்கிக்க ஆள் இருக்கு. நல்ல ஆளு, வளக்கிறவரு. வெள்ளிக்கிழமை லாரி அனுப்பறேன்னாரு."

தங்கை வந்து என் தோளைக் கட்டிக்கொண்டாள். "அக்கா, ஒரு நாளாவது எட்டு மணி வரைக்கும் தூங்குக்கா. நீ தூங்கி நான் பாத்ததே இல்ல" என்றாள். அவள் அழுதாள். நானும் அழுதேன் என்று நினைக்கிறேன். சரி என்று சொன்னேன்.

அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. எட்டு மணி வரை தூங்கிவிட்டு எழுந்து என்ன செய்வது என்று யோசித்தேன். எட்டிலிருந்து ஒன்பது வரைக்கும் ஒரு வேலையும் தோன்றவில்லை. ஒன்பதிலிருந்து பத்துக்கும் தோன்றவில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்பிள்ளை மட்டும் தெரிந்தாள். அவளை எனக்கு யாரென்றே தெரியவில்லை. இந்த வேலி என் கழுத்தை நெரிக்கிறது என்று பத்தொன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். வேலியைப் பிரித்துவிடலாம் என்று ஒருவர் சொன்னதும்தான் மூச்சு முட்டியது. இதை உங்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை.

லாரி வருவதற்கு இரண்டு நாள் முன், புதன்கிழமை. காலை ஆறரை இருக்கும். அடைக்கோழி ஒன்று இரண்டு நாளாகப் பெட்டியைவிட்டு எழுந்திருக்கவில்லை. அதன் அடியில் எத்தனை முட்டை இருக்கிறது என்று பார்க்கத் தங்கை கையை விட்டாள். பெட்டிக்குள் இருட்டு. நான் பின்பக்கம் தீவனம் அள்ளிக்கொண்டிருந்தேன்.

"ஆ" என்று கையை உதறினாள். "கொத்திருச்சு சனியன்."

நான் நின்ற பக்கம் பெட்டியின் பின்பலகையில் ஒரு விரிசல் உண்டு. அதன் வழியாக அது வெளியே வந்தது. அவசரப்படவில்லை. தலை வந்தது, கழுத்து லேசாக விரிந்து சுருங்கியது, பின்கழுத்தில் இருந்த அடையாளம் தெளிவாகத் தெரிந்தது. நல்ல பாம்பு. முட்டைக்கு வந்திருக்கிறது. என் காலுக்கு இரண்டு முழம் தள்ளி, விறகு அடுக்குக்குள் போய்விட்டது.

"அடைக்கோழின்னா கொத்தத்தான் செய்யும்" என்றேன்.

அதை நான் யோசித்துச் சொல்லவில்லை. கோழி என்று அவள் சொன்னாள், நான் ஆமாம் என்றேன். அவ்வளவுதான் நடந்தது. பிறகு பால் கறக்கப் போனேன். பதினொரு ஆடு கறவை.

முடித்து வரும்போது சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"பாம்பா இருக்குமோக்கா?"

"நான் அங்கதான நின்னேன். கோழிதான்."

அவளுக்கு நிம்மதியாகிவிட்டது. என் வார்த்தையை அவள் சந்தேகப்பட்டதே இல்லை. ஈரத்துணி சுற்றிவிட்டேன். டீ போட்டுக் கொடுத்தேன். டம்ளரை இடது கையால் பிடித்துக் குடித்தாள், விழுங்கக் கஷ்டப்பட்டாள். கொஞ்ச நேரத்தில் கண் இமை தானாக இறங்கியது.

"அக்கா, நீ ரெண்டு ரெண்டா தெரியற."

"ஒரு அக்காவையே உன்னால தாங்க முடியல. ரெண்டா?"

சிரித்தாள். நானும் சிரித்தேன். அதுதான் நாங்கள் கடைசியாகச் சேர்ந்து சிரித்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளாட்டை நல்ல பாம்பு கடித்தது. அது எப்படிப் போகும், எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆம்புலன்ஸ் கூப்பிட்டால் அரைமணியில் வரும் என்பதும் தெரியும். எங்கள் வாசல் வரைக்கும் தார் ரோடு போட்டு ஒரு வருஷம் ஆகிறது. போன் என் இடுப்பில்தான் இருந்தது.

நாக்குக் குழறியபோது, "அவருக்குப் போன் பண்ணுக்கா" என்றாள்.

"பண்ணிட்டேன். வந்துட்டே இருக்காரு."

நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதுவும் அவள் நிம்மதிக்காக. தலையை மடியில் வைத்துக்கொண்டு சீவிவிட்டேன். சின்ன வயதில் சிக்கெடுக்கும்போது ஊரைக் கூட்டுவாள், அன்றைக்குச் சத்தமே இல்லை. பதினொரு மணிக்கு முன்னால் மூச்சு நின்றது. எங்கேயும் போகவில்லை, என்னைவிட்டு. ஆடுகள் தழைக்குக் கத்திக்கொண்டிருந்தன. போய்ப் போட்டுவிட்டு வந்து மறுபடியும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

மத்தியானம் ஊசிக்காரர் லாரி விஷயமாகப் பேச வந்தார். அவளைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணியைப் பிரித்தார்.

"என்னக்கா ஆச்சு?"

"கோழி கொத்தினதுன்னு சொன்னா."

"கோழி கொத்தினா இப்படி ரெண்டு புள்ளி விழுமாக்கா?" என்றார். பிறகு, மெதுவாக, "அவ காலையும் நீங்கதான பண்ணீங்க?" என்றார்.

நீங்கள் என்னிடம் அந்த மாதிரி சுற்றி வளைத்துக் கேட்கவில்லை. பாம்பைப் பார்த்தாயா என்று ஒரே கேள்விதான் கேட்டீர்கள். பார்த்தேன். கடித்தது பாம்பு என்று தெரியும். சொன்னால் பிழைப்பாள் என்று தெரியும். பிழைத்தால் வெள்ளிக்கிழமை போய்விடுவாள் என்றும் தெரியும். அதனால் சொல்லவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னொன்று கேட்டீர்கள். அவளை அனுப்பிவிட்டு நான் மட்டும் இங்கே இருந்திருக்கலாம், இல்லாவிட்டால் அவளோடு போயிருக்கலாம், எனக்கும்தான் இடம் வைத்திருந்தார்களே என்றீர்கள். வாஸ்தவம். போயிருக்கலாம். ஆனால் இருபத்து மூன்று உயிர், அம்மா. என் கையால் வளர்ந்தவை. அவற்றை லாரியில் ஏற்றி, யாரென்றே தெரியாத ஒருவருக்கு அனுப்பிவிட்டு, ஜன்னல் ஓரம் போய் உட்கார என்னால் முடியாது. எனக்கு அவ்வளவு கல்நெஞ்சு கிடையாது.