காற்று நின்ற ஆடியில் பால்வண்ணநாதன் அண்ணாச்சிக்கு விடை

சிற்றாறு பஸ் சர்வீஸ், செங்கோட்டைப் பணிமனையின் போர்மேன் உயர்திரு. மா. பால்வண்ணநாதன் அவர்களுக்குப் பணிமனைத் தோழர்கள் வாசித்து வழங்கும் மடல்

கொதித்து நின்ற வண்டிகளைக் குளிர்வித்த கோமானே! புகைந்து நின்ற பொறிகளின் புண்ணாற்றிய புண்ணியரே! மலையேறும் வண்டிக்கெல்லாம் மனத்தால் முன்னேறிச் சென்ற மாண்பாளரே! எந்நாளும் சலியாத ஏந்தலே என்றும் எழுத ஆசைதான். ஆனால் சலித்துத்தான் போயிருக்கிறீர்கள், அதை மறைத்து எழுத எங்களுக்குக் கை வரவில்லை. வணக்கம் அண்ணாச்சி!

இந்தக் கோமானும் புண்ணியரும் புதியவர்கள் அல்லர். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் இதே சொற்களை எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு, பந்தலுக்கும் சொல்லிவிட்டோம். இரண்டு முறையும் கடைசி நேரத்தில் முதலாளி தில்லைநாயகம் அவர்கள் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த ஒரு சீசன் மட்டும்" என்றார். சட்டங்கள் இரண்டும் ஸ்டோர் ரூமில் சுவரைப் பார்த்துச் சாத்திக் கிடக்கின்றன. எங்களுக்கும் சலிப்புத்தான். ஒரே மனிதரை எத்தனை தடவை வழியனுப்புவது?

உங்களை நேருக்கு நேர் பார்த்துச் சொன்னால், "சரி சரி, போதும்லே" என்று எழுந்து போய்விடுவீர்கள். ஆகையால் நடந்ததைச் சபைக்குச் சொல்கிறோம். கூட்டத்தில் ஒருவராக இருந்து நீங்களும் கேளுங்கள்.

சபையோரே! பால்வண்ணநாதன் அண்ணாச்சி இந்தப் பணிமனைக்கு வந்து முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. புளியரை ஏற்றத்தில் எந்த வண்டி முனகினாலும், அது தன் வீட்டு நோயாளி என்று நினைத்தவர். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் செல்போனை வைத்துச் சாப்பிட்டவர். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போனாலும் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போவாரேயன்றி, கண்ணை மூடியதை யாரும் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்குப் பாதிக்காதுதான் கிடைக்கும். மற்றதெல்லாம் வண்டிக்கு.

எங்கள் ஊருக்கு ஒரு வசதி உண்டு, ஒரு கேடும் உண்டு. இரண்டும் ஒன்றுதான்: கணவாய்க் காற்று. ஆனி பிறந்தால் மேற்கேயிருந்து அது தள்ளிக்கொண்டு வரும். குற்றாலத்தில் குளிக்க வந்தவர்கள் துண்டைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். மலையேறுகிற வண்டிக்கு அந்தக் காற்று முகத்திலேயே அடிக்கும். ரேடியேட்டருக்குப் பின்னால் விசிறி சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் எஞ்சின் குளிர்ந்துதான் இருக்கும். அதனால் சீசனில் எங்கள் பக்கத்து வண்டிகள் எல்லாமே நல்ல வண்டிகள். விசிறி செத்துப் போனது ஓட்டுநருக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது. தெரிந்தாலும் காற்று இருக்கிறதே என்று விட்டுவிடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். வேறு ஊர்க்காரன் எவனும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான், அவனுக்கு இந்தக் காற்று இல்லை.

ஃபேன் கிளட்ச் என்று ஒன்று உண்டு. தொழில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். விசிறியின் நடுவில் உருண்டையாக உட்கார்ந்திருக்கும். உள்ளே பிசுபிசுப்பான எண்ணெய். எஞ்சின் சூடானால் விசிறியைப் பிடித்துச் சுழற்றும், ஆறினால் பிடியை விட்டுவிடும். எண்ணெய் கசிந்துவிட்டால் பிடிக்க வேண்டிய நேரத்திலும் பிடிக்காது. அவ்வளவுதான் சங்கதி.

இந்த ஆனியில் அண்ணாச்சி ஏழாம் நம்பர் வண்டியைப் பார்த்தார். ஓடி வந்து நின்ற சூட்டிலேயே எஞ்சினை அணைக்கச் சொல்லி, விசிறியை விரலால் சுண்டினார். நல்ல கிளட்ச் என்றால் சட்டென்று நிற்க வேண்டும். அதுவோ திருவிழா ராட்டினம் போலச் சுற்றிக்கொண்டே இருந்தது. கிளட்சின் முகத்தில் எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருந்தது.

"மொதலாளி, ஏழுக்கு ஃபேன் கிளட்ச் போயிட்டு. மாத்தணும்."

"காத்து இந்த அடி அடிக்கி. இப்பம் எதுக்கு அண்ணாச்சி வண்டிய நிப்பாட்டணும்? இந்த ஒரு சீசன் போவட்டும்."

"காத்து என்ன நம்ம கம்பெனி ஆளா மொதலாளி? அதுபாட்டுக்கு நின்னுக்கிடும்."

"பாத்துக்கிடலாம் அண்ணாச்சி."

பழைய அண்ணாச்சியாக இருந்தால் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "வண்டி போவாது" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். முதலாளியே பின்னால் போய்ச் சமாதானம் பேசுவார். அன்றைக்கு அண்ணாச்சி "சரி" என்றார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கம்பெனியில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு 'சரி'யை நாங்கள் கேட்டதே இல்லை.

ஆடி பாதியில் காற்று நின்றது. சாரல் போய், வெயில் சுள்ளென்று அடித்தது. அந்த நாளில்தான் ஏழாம் நம்பர் வண்டி, ஆடி பார்க்காத ஒரு சர்ச்சுக் கல்யாணத்துக்குப் புனலூருக்கு ஸ்பெஷல் போனது. ஓட்டியவர் யாக்கூப். புளியரை தாண்டி வளைவில் ஏறும்போது சூடு காட்டும் ஊசி சிவப்பைத் தொட்டு, வண்டி கொதித்து நின்றது. அண்ணாச்சிக்கு அன்று கடுங்காய்ச்சல். மேலகரத்து வீட்டில் போர்வைக்குள் கிடந்தார். யாக்கூப் போன் அடித்தார். எடுத்தது அண்ணாச்சியின் மனைவி ஜோதிலட்சுமி மதினி.

"மதினி, வண்டி கொதிச்சிட்டு. மாப்பிள்ள வீட்டு ஆளுவ எல்லாம் ரோட்டுல நிக்காவ. அண்ணாச்சிய கொஞ்சம் குடுங்க."

"அவுக வரமாட்டாக யாக்கூப்பு. காய்ச்ச கொதிக்கி. வண்டிக்கு நீங்க எல்லாரும் இருக்கிய, இவுகளுக்கு யாரு இருக்கா?"

சொல்லிவிட்டு மதினி போனை அரிசிப் பானைக்குள் புதைத்து மூடிவிட்டார்கள். அது அரிசிக்குள்ளிருந்து அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணாச்சிக்குக் கேட்டது. எழுந்து போகக் காலில் தெம்பில்லை. எழுந்து போகாமல் படுத்திருக்க மனசிலும் தெம்பில்லை. காய்ச்சல் அறுபது வயது உடம்பைத்தான் படுக்க வைத்தது. மனசு வளைவில்தான் நின்றது. பின்னொரு நாள் அவரே சொன்னார், அப்படியொரு மத்தியானத்தை வாழ்க்கையில் பார்த்ததில்லையென்று.

பணிமனையிலிருந்து மெக்கானிக் சுப்பு பைக்கில் போனார். புதுக் கிளட்ச் கையில் இல்லை. எல்லாரும் செய்கிற முரட்டு வைத்தியத்தைத்தான் செய்தார்: போல்ட் கொடுத்து விசிறியைப் பிணைத்துவிட்டார். இனி அது சூட்டிலும் சுற்றும், குளிரிலும் சுற்றும், நிறுத்தமே கிடையாது. டீசலைத் தின்னும், வாட்டர் பம்ப்பை ஆட்டி எடுக்கும், காது கிழிய இரையும். ஆனால் வண்டி மலையேறிவிட்டது. தாலி கட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், பந்தியில்தான் பாயசம் கிடைக்கவில்லை.

சாயங்காலம் அண்ணாச்சி போர்வையைப் போர்த்திக்கொண்டு மேலகரம் மெயின் ரோட்டுக்கு வந்து நின்றார். ஏழாம் நம்பர் வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே அதன் இரைச்சல் வந்தது. போல்ட் போட்டிருக்கிறார்கள் என்று அதிலேயே தெரிந்துவிட்டது. வண்டி வந்துவிட்ட நிம்மதி ஒரு பக்கம், இந்தக் கோலத்தில் வந்திருக்கிறதே என்ற வருத்தம் ஒரு பக்கம். அவர் இல்லாமலும் வந்துவிட்டதே என்ற சிறு வலியும் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை, வண்டியிலிருந்த நாங்கள் முகத்தில் பார்த்தோம்.

மறுநாள் முதலாளி பணிமனைக்கு வந்தார்.

"பாத்தேளா அண்ணாச்சி, நீங்க இல்லன்னா இவனுவ போல்ட்டச் சொருகி வச்சிருவானுவ. நீங்க போயிட்டா கம்பெனிய மூடிற வேண்டியதுதான். இந்த ஒரு வருசம் மட்டும் இருங்க."

"பாக்கேன் மொதலாளி" என்றார் அண்ணாச்சி. எங்கள் பக்கத்தில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம். மூன்றாவது முறையும் பந்தல் போச்சு என்றுதான் நினைத்தோம்.

முதலாளி போனதும் சுப்பு வந்து தலையைத் தொங்கப்போட்டு நின்றார். "அண்ணாச்சி, போல்ட்டு போட்டதுக்கு நாலு ஏச்சு ஏசிருங்க. ஏசாம இருந்தா ஒருமாரி இருக்கு."

"ஏசுததுக்குத் தெம்பு இல்லலே" என்றார் அண்ணாச்சி.

சபையோரே, இந்தப் பணிமனையில் அவரிடம் ஏச்சு வாங்காதவன் இல்லை. அந்த ஏச்சில்தான் நாங்கள் எல்லாரும் பிழைப்பு நடத்தினோம். அன்று இரவு யாருக்கும் சோறு இறங்கவில்லை. விசிறியை மட்டுமா போல்ட் போட்டு வைத்திருக்கிறோம், இந்த மனுசரையும் அல்லவா வைத்திருக்கிறோம் என்று உமா மகேஸ்வரி அக்காதான் வாய்விட்டுச் சொன்னாள். அவள் எங்கள் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறவள். மறுநாளே மதுரைக்குச் சொல்லிப் புதுக் கிளட்ச் வரவழைத்தாள். அதைப் படுக்கப் போட்டால் எண்ணெய் இறங்கிக் கெட்டுப்போகும் என்று, பிள்ளையார் சிலையை வைப்பதுபோல் நிமிர்த்தி வைத்தாள். வந்தது தெரிந்தால் அவரே மாட்ட உட்கார்ந்துவிடுவார் என்று, அண்ணாச்சி கேட்டபோதெல்லாம் கூசாமல், "இன்னும் வரல்ல அண்ணாச்சி" என்று பொய் சொன்னாள். அந்தப் பாவத்தை நாங்கள் எல்லாரும் பங்குபோட்டுக்கொள்கிறோம்.

அண்ணாச்சியும் மதினியும் ஆடித் தபசுத் திருவிழாவுக்குச் சங்கரன்கோவில் போன அன்று நாங்கள் ஏழாம் நம்பரைப் பிரித்தோம். வேலை அழகாக நடந்தது என்று சொல்லமாட்டோம். விசிறியைப் பின்முன்னாக மாட்டிக் கழற்றினோம். விசிறியைச் சுற்றி வரும் மூடியை வெளியே வைத்துவிட்டு எல்லாவற்றையும் முடுக்கி, மறுபடி கழற்றினோம். யாக்கூப்புக்கும் சுப்புவுக்கும் சண்டை வந்து, உமா அக்கா ஸ்பானரைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். கடைசியில் மாட்டிவிட்டோம். பொட்டுக் காற்றில்லாத உச்சிவெயிலில், பணிமனை ஆட்களையும் மணல் மூடைகளையும் ஏற்றிக்கொண்டு ஆரியங்காவு வரை போனோம். ஊசி பாதியைத் தாண்டவில்லை. யாக்கூப் வண்டியை ஓரங்கட்டி இறங்கி, மலைப்பக்கம் திரும்பிக்கொண்டார். அழுதாரா என்று நாங்கள் கேட்கவில்லை. திரும்பி வந்த கையோடு, முதலாளியைக் கேட்காமலே இந்தப் பந்தலுக்கும் சொல்லிவிட்டோம்.

இனி உங்களிடமே பேசுகிறோம், அண்ணாச்சி.

நேற்றுச் சாயங்காலம் வேலை முடிந்து செங்கோட்டையில் ஏழாம் நம்பர் வண்டியில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தீர்கள். கண் விழித்தபோது, "ஏலே யாக்கூப்பு, எங்கன இருக்கோம்?" என்று கேட்டீர்கள். "மேலகரம் வந்திட்டு அண்ணாச்சி" என்றார் யாக்கூப். இறங்கிப் போனீர்கள். நடந்தது அது மட்டுமல்ல. வண்டி இலஞ்சி தாண்டும் முன்னமே நீங்கள் தூங்கிவிட்டீர்கள். குற்றாலத்தில் சீசன் கூட்டம் ஏறி இடித்தது, நீங்கள் எழவில்லை. மேலகரம் வந்தது, யாக்கூப் கண்ணாடியில் பார்த்தார், எழுப்ப மனம் வரவில்லை. தென்காசி பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் இறங்கினார்கள். நீங்கள் வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தீர்கள். மறு நடைக்கு ஏறிய ஜனங்களிடம் கண்டக்டர், "மெதுவாப் பேசுங்க, பெரியவர் உறங்குதாரு" என்று சொல்லிக்கொண்டே டிக்கெட் கிழித்தார். திரும்பி வரும் வழியில்தான் மேலகரத்தில் விழித்தீர்கள்.

போல்ட் போட்ட விசிறி இரைந்திருந்தால் உங்களுக்குக் கண் மூடியிருக்குமா? இரைச்சல் நின்றுபோனது உங்கள் காதுக்கே தெரியவில்லை. முப்பத்தெட்டு வருடமாக எங்கள் வண்டிகளுக்குக் காவல் இருந்த காது, நேற்று எங்கள் வேலையை நம்பித் தூங்கியது. எங்களுக்கு இதைவிடப் பெரிய பட்டம் எந்த மடலிலும் இல்லை.

ஆகவே, மாலையும் சால்வையும் வைத்துக்கொண்டு மேடையில் காத்திருக்கும் முதலாளியின் காதிலும் விழும்படி, பணிமனைத் தோழர்கள் அனைவரும் ஒருமனதாகச் சொல்கிறோம்: அண்ணாச்சி, எங்களுக்கு இனி நீங்கள் வேண்டாம். வண்டி கொதித்தால் நாங்கள் பார்த்துக்கொள்வோம். தப்பாகச் செய்வோம், கழற்றுவோம், மறுபடி மாட்டுவோம். உங்களைக் கூப்பிடமாட்டோம்.

கால்வலி குறைந்து, காய்ச்சல் அண்டாமல், கண்ணிறைந்த உறக்கமும் வயிறு நிறைந்த உணவும் வாய்த்து, மதினியோடு மனநிறைவாய்ப் பல்லாண்டு பல்லாண்டு வாழ்வீராக! கணவாய்க் காற்று உங்கள் வாசலுக்கு வெறும் காற்றாகவே வந்து போவதாக!

முதலாளி நல்லவர்தான். ஆனாலும் இந்த விழா முடிந்து பந்தல் பிரிப்பதற்குள் உங்கள் கையைப் பிடித்து, "இந்த ஒரு சீசன்" என்பார். அப்போது யோசிக்க வேண்டாம். "நான் இருக்கேம்னுதான் சொன்னேன் மொதலாளி, பயலுவதான் வேண்டாம்னுட்டானுவ" என்று எங்கள் மேல் பழியைப் போட்டுவிட்டு, வீட்டைப் பார்த்து நடங்கள்.

இங்ஙனம்,
யாக்கூப், சுப்பு, உமா மகேஸ்வரி
மற்றும் உங்களிடம் ஏச்சு வாங்கிய செங்கோட்டைப் பணிமனைத் தோழர்கள் அனைவரும்