சௌந்தர்யாவோட இன்டர்வியூ

...வெளியில போய் உக்காருங்கன்னுட்டாங்கக்கா. என்னைய. பெத்தவள. கொஞ்சம் அந்தாண்ட நவுந்துக்கோங்க, ஜன்னல் காத்து எனக்கும் வரட்டும். ஆங், இப்ப சரி. காலையில ஆம்பூர்ல ரயிலேறி, நின்னுக்கினே காட்பாடி வந்து, புடவை கசங்காம அந்த பாலிடெக்னிக்குக்குப் போய் சேர்ந்தா, வெளியில உக்காருங்கம்மான்றாங்க. பேஜாரா இருக்காதா? நீங்களே சொல்லுங்க. இருங்க இருங்க, முழுசா கேட்டுட்டு சொல்லுங்க.

அதோ, எதிர் சீட்டு ஓரத்துல ரெட்டைப் பின்னலு, அதான் எம்பொண்ணு சௌந்தர்யா. பன்னெண்டாவது முடிச்சிருக்குது. பக்கத்துல இருக்கிற பொண்ணு யாரோ, காட்பாடியில ஏறுச்சி. இன்னிக்கு இன்டர்வியூ எம்பொண்ணுக்குத் தான். ஏதோ மெக்கா... மெக்கட்ரானிக்ஸாம். மிஷினும் கரண்டும் கம்ப்யூட்டரும் ஒண்ணா சேர்ந்த படிப்பு. எங்க ஷூ கம்பெனியில இதைச் சொன்னேன், பக்கத்து மிஷின் ஜஹீருன்னிசா அக்கா, "மெக்காவுக்கு நாங்க தானே போவோம், உம்பொண்ணு எங்களுக்கு முன்ன போறாளா"ன்னு கேட்டுச்சி. செக்ஷன் பூரா சிரிச்சி, சூப்பர்வைசர் நயீம் பாய் வந்து வெரட்டிட்டாரு.

இது சாதா சீட்டு இல்லக்கா. படிக்க வெக்கிறதே ஒரு கம்பெனி. முடிச்சா அவங்களே வேலைக்கு எடுத்துப்பாங்க. அதனால தான் இன்டர்வியூ. எங்க வீட்டுக்காரரு லோடு ஆட்டோ ஓட்டுறாரு. இந்த சீட்டு இல்லன்னா இவளும் என்னோட வந்து மிஷின்ல உக்கார வேண்டியது தான். தையல் ஒண்ணும் கேவலம் இல்ல, நான் அதுல தான் சோறு துன்றேன். ஆனா அவளை மிஷின்ல உக்கார வெச்சா தைக்கமாட்டா, மிஷினையே கழட்டுவா.

ஸ்கூல்ல ஜோதி மிஸ்ஸுன்னு ஒரு டீச்சர். பன்னெண்டாவதுக்கு அப்புறம் எந்தப் படிப்பு, எந்த வேலை, யாருக்கு எது ஒத்துவரும்னு வாரா வாரம் கிளாஸ் எடுத்தாங்க. அவங்க தான் இதைப் புடிச்சிக் குடுத்தாங்க. என்னைக் கூப்ட்டு, "சுந்தரிம்மா, சௌந்தர்யாவுக்கு மூளை ஜாஸ்தி, பேச்சு கம்மி. வீட்ல நீங்க கேள்வி கேட்டு பழக்குங்க"ன்னாங்க.

பழக்கினேன்க்கா. தெனம் சாயங்காலம் வேலை வுட்டு வந்ததும் நான் தான் ஆபீசரு. ஒரு பக்கம் சப்பாத்தி மாவு பெசைஞ்சிக்கினு, "உன்னைப் பத்தி சொல்லும்மா"ன்னு கேப்பேன். அது "நான்..."னு ஆரம்பிக்கும். நேரா உக்காருடின்னுவேன். "நான் அரசு..."ன்னும். சத்தமா சொல்லுடி, கொசு பேசுற மாரி இருக்குதுன்னுவேன். அப்டியே வாயை மூடிக்கும். சரி, தெரியல போலன்னு நானே பதிலையும் சொல்லிக் குடுப்பேன். அடுத்த கேள்வி. அதுக்கும் நானே. எங்க வீட்டுக்காரரு காதுல பஞ்சை வெச்சிக்கினு டிவி பாத்தாரு. இப்டி ஒரு தாய் எவ கஷ்டப்படுவா?

இன்னிக்கு உள்ள போனோம். மேஜைக்கு அந்தாண்ட காலேஜ் சாரு ஒருத்தரு, கம்பெனி மேடம் ஒருத்தங்க. கண்ணாடி போட்ட சாரு, "உன் பேரு என்னம்மா?"ன்னாரு. இது வாயைத் தொறக்கறதுக்குள்ள நான், "சௌந்தர்யா சார், கொஞ்சம் கூச்ச சுபாவம்"னேன். தப்பா? உதவி தானே. "ஏன் இந்தப் படிப்பு?"ன்னாரு. "சின்னதுலருந்தே மிஷின்னா உசுரு சார்"னு எடுத்து வுட்டேன். அந்த மேடம் என்னையே பாத்துக்கினு, ரொம்ப மரியாதையா, "அம்மா, நீங்க பன்னெண்டாவது எப்ப முடிச்சீங்க?"ன்னு கேட்டாங்க. நான் எட்டாவது தான் மேடம்னேன். "அப்ப இந்த சீட்டை உங்களுக்குக் குடுக்க முடியாதே. வெளியில காத்து நல்லா வருது, உக்காருங்க"ன்னாங்க.

எழுந்து வெளியில வந்தேன். போச்சிடா, பொண்ணு உள்ள ஊமையா நிக்கப் போவுது, சீட்டு போச்சின்னு நேரா ஜன்னலுக்குக் கீழ போய் நின்னுட்டேன். வாட்ச்மேன் இன்னாம்மா இங்கன்னான். வயித்து வலின்னேன்.

காதை ஜன்னலாண்ட வெச்சேன். அப்புறம் ஒரு கொரலு. யாரு பேசுறான்னு எட்டிப் பாக்குறேன், எம்பொண்ணுக்கா. அந்தக் கொரலை நான் கேட்டதே இல்ல. கணீர்னு இருக்குது. பாபின் கதையைச் சொல்லுது.

பாபின் தெரியும்ல? தையல் மிஷினுக்கு அடியில நூலு சுத்தி வெப்போமே, அது. மேல் நூலு தீந்தா கண்ணுக்குத் தெரியும், அடி நூலு தீந்தா தெரியாது. பாதி தையல்ல தீந்துடும், நம்ம பாட்டுக்கு வெறும் ஓட்டையா போட்டுக்கினு போவோம். தோலு துணி மாரி இல்லக்கா, குத்துனா குத்துனது தான். அந்த பீஸு வீணு. வீட்டுக்கு வந்து தெனம் இதையே தான் பொலம்புவேன். இது என்னா பண்ணுச்சி தெரியுமா, வீட்டு மிஷினுக்கு அடியில ஒரு குட்டி லைட்டும் ஒயரும் வெச்சி, நூலு கம்மியானா கீக்கீன்னு கத்துற மாரி செஞ்சி வெச்சிருந்தது. எலி கத்துதுன்னு நான் தொடப்பத்தைத் தூக்கினு வந்து, அப்புறம் இவளைத் திட்டுனது வேற கதை.

அதைத் தான் அக்கு வேற ஆணி வேறயா பிரிச்சி சொல்லுது. லைட்டு எப்டி, ஒயரு எங்கருந்து, மொத தடவை ஏன் வேலை செய்யலன்னு. சாரு, "இந்த யோசனை எங்கருந்து வந்தது?"ன்னாரு. "எங்கம்மா பேசுறதுல பாதி பாபினைப் பத்தி தான் சார். கேட்டுக் கேட்டு, அது நின்னா நல்லாருக்கும்னு தோணுச்சி"ன்னுது. பாபின் தீர்றது நிக்கணும்னு சொல்லுச்சா, நான் பேசுறது நிக்கணும்னு சொல்லுச்சா, இன்னும் கேக்கல.

மேடம் கேட்டாங்க, "இவ்ளோ பேசுறியே, முன்ன ஏன் பேசல?" இவ சொல்றா, "நடுவுல கேப்பு கெடைக்கல மேடம்." உள்ள ஒரே சிரிப்பு. மேடம் வுடல. "வேலை செய்ற எடத்துலயும் பேச விடாதவங்க இருப்பாங்க, அப்ப என்ன பண்ணுவ?" இவ யோசிக்கவே இல்லக்கா. "எங்கம்மாவோட தானே மேடம் வளந்தேன். அவங்க மூச்சு வாங்குறப்ப சொல்லிடுவேன்."

எனக்கு ஜன்னலுக்குக் கீழ கோவம் வருது, சிரிப்பு வருது, கண்ணுல தண்ணியும் வருது. வாட்ச்மேன் பாத்துட்டு, "வயித்து வலி ஜாஸ்தியாயிடுச்சா"ன்னு சோடா வாங்கியாந்தான். குடிச்சேன், இன்னா பண்றது.

சீட்டு கெடைச்சிடுச்சிக்கா. அப்பவே சொல்லிட்டாங்க. திங்கக்கெழமை சர்டிபிகேட்டோட வரச் சொல்லியிருக்காங்க. மேடம் எங்கிட்ட வந்து கையைப் புடிச்சி, "நல்லா வளத்திருக்கீங்க. அன்னிக்கு அப்பாவை அனுப்புங்க"ன்னாங்க. பாத்தீங்களா, அதுலயும் ஒரு குத்து.

பொம்பளப் புள்ள மிஷின் ரிப்பேரான்னு நாளைக்கு எங்க தெருவே கேக்கும். கேக்கட்டும். எனக்கு பதில் நெறைய இருக்குது.

அங்க பாருங்க அவள. ஏறுனதுலருந்து வாய் மூடல. அந்தப் பக்கத்துப் பொண்ணு பாவம், தலையை மட்டும் ஆட்டிக்கினு இருக்குது. யாரைப் பாத்து கத்துக்குச்சோ தெரியல. ஏய் சௌந்தர்யா, அந்தப் பொண்ணையும் கொஞ்சம் பேச வுடுடி.

இன்னாக்கா, ஏன் எழுந்துட்டீங்க? இன்னா ஸ்டேஷன்... நீங்க குடியாத்தத்துல எறங்கணுமா? அய்யோ, அது போய் ரொம்ப நேரமாச்சே. இப்ப வர்றது எங்க ஆம்பூரு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல.

பரவால்ல, பயப்படாதீங்க. எங்களோட எறங்குங்க. எதிர் வண்டி வர்ற வரைக்கும் உங்களத் தனியா வுட்டுட்டுப் போமாட்டேன், கூடவே உக்காந்து பேசிக்கினு இருக்கேன்.