பட்டு பிடிக்கும் வரை

பட்டு தானாக எதிலும் ஒட்டாது, மேடம். ஆட்டுக் கம்பளி முடிதான் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் செய்கிற கைப்பை அளவுக்குக் கம்பளியைப் பரப்பி, மேலே பட்டு இழைகளை மெலிதாக விரித்து, வெந்நீரும் சோப்பும் விட்டு, வலைத்துணி போட்டு விரல் நுனியால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பாதியில் கையை எடுத்துத் தண்ணீர் ஆறிப்போனால், பட்டெல்லாம் ஈர முடி மாதிரி உரிந்து வந்துவிடும்.

முதல் இரண்டு பையும் அப்படித்தான் கெட்டன. அக்கா கூப்பிட்டாள், போனேன். திரையை இழுத்துவிடச் சொன்னாள். வந்து உட்கார்ந்ததும் திரும்பக் கூப்பிட்டாள். இழுத்த திரையை விலக்கச் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை. இடுப்புக்குக் கீழே அசைவில்லாதவள், என்னை விட்டால் யாரைக் கூப்பிடுவாள்? வெளியூரில் இருக்கும் எங்கள் அண்ணன் ஃபோனில், "பத்திரமா பாத்துக்கோம்மா" என்பார். பார்த்துக்கொண்டேன்.

"ஆட்டுமுடியைத் தேய்ச்சுத் தேய்ச்சு உன் கைதான்டி தேயப்போகுது. உன்கிட்ட எவ பை கேட்டா?" என்பாள் அக்கா.

ஒருத்தி கேட்டிருந்தாள். துணிக்கடைக்காரம்மா. நன்றாக வந்தால் கண்ணாடி அலமாரியில் வைப்பதாகச் சொல்லியிருந்தாள். மாத்திரை, தண்ணீர், துடைக்கிற துணி தவிர, என்னிடம் ஒருவர் கேட்ட முதல் பொருள் அது.

அன்று அக்காவைக் குளிப்பாட்டி, தலை வாரிவிட்டு, பிறகுதான் வேலையில் உட்கார்ந்தேன். பட்டு பிடிக்கத் தொடங்கிய நேரம், "அடியே" என்றாள்.

"இதோ வரேன்க்கா."

"மூச்சு... முட்டுதுடி."

"வந்துட்டேன்க்கா, கை ஈரமா இருக்கு."

ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னேன். ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. அவள் கூப்பிடுவதை நிறுத்திய பிறகும் "இதோ வரேன்க்கா" என்றேன். அப்புறம் பையை அலசி, உருட்டிப் பிழிந்து, காயப்போட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அவளைச் சாய்த்தே வைக்க வேண்டும், மல்லாக்கப் போட்டால் சளி அடைத்துவிடும் என்று டாக்டர் என்னிடம்தான் சொல்லியிருந்தார். மறக்கவில்லை. ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி நீங்கள் கட்டிலைப் பற்றித்தானே கேட்டீர்கள்? வேலையில் உட்காரும் முன், கைப்பிடியைச் சுற்றித் தலைப்பக்கத்தை இறக்கியது நான்தான். மல்லாந்து கிடந்தால் அவ்வளவு சத்தமாகக் கூப்பிட மாட்டாள் என்றுதான் நினைத்தேன். மூச்சைப் பற்றி நினைக்கவே இல்லை.