வெறும் தொடல்

மணி ஏழு இருக்கும். கல் உடைக்கும் ஆலையைத் தாண்டிப் போகும் அந்தச் சாலையில் விளக்கும் இல்லை, வீடும் இல்லை... கடைசியில் ஒன்றே ஒன்றைத் தவிர. என் நண்பனின் சித்திக்கு நடந்தது இது. கேட்டதை வாங்கின விலைக்கே விற்கிறேன், லாபம் வைக்கவில்லை.

சித்தி நர்ஸ். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கான புது மருந்து ஆராய்ச்சியில் வேலை. மாதம் ஒருமுறை வீடு தேடிப் போவாள். நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பஞ்சால் காலைத் தொட்டு "இப்ப?" என்று கேட்பாள். நடுநடுவே தொடாமலேயே கேட்பாள்... தராசு நேர்மையா என்று வெறும் தட்டைத் தூக்கிப் பார்ப்பதில்லையா, அந்த மாதிரி. அதற்கும் "தொடுது" என்றால் ஆள் சும்மா அடித்து விடுகிறான் என்று அர்த்தம். ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

அந்த வீட்டில் இருந்தவர் ஒரு மேஸ்திரி. சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனவர். பெண்டாட்டி மகனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். காலையில் ஒரு ஆள் சாப்பாடு வைத்துவிட்டுப் போவான். மற்றபடி அந்தக் கதவைத் தட்டுவது சித்தி மட்டும்தான்.

அன்றைக்கு அறையில் ஈரச் சுண்ணாம்பு வாடை. சுவரெல்லாம் காய்ந்துதான் இருந்தது.

பஞ்சு பட்டது. "இப்ப?"

"இல்லைம்மா."

சித்தி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "இப்ப?"

"தொடுது. பெருவிரல் பக்கம்."

மறுபடியும் தொடாமலே, "இப்ப?"

"கணுக்கால்ல... சில்லுனு."

"என்ன மேஸ்திரி, இப்படிப் புளுகினா உங்களைத் தூக்கிருவாங்க. அப்புறம் நான் இந்தப் பக்கம் வரவே முடியாது."

கண்ணைத் திறக்காமலே சிரித்தார். "நீங்க தொட்டா எனக்கு எங்க தெரியுதும்மா? இது வேற கை. ராத்திரியெல்லாம் துணைக்கு இருக்கும்."

சித்தி குனிந்து பார்த்தாள். நடக்காத கால், நீர் கோத்து வீங்கியிருந்தது. அழுத்தினால் குழி விழும், மெதுவாகத்தான் நிறையும். கணுக்காலில் ஒரு குழி. கட்டைவிரல் அளவு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே... பக்கத்தில் இன்னொன்று... மெள்ள அமுங்கியது.

எப்படி வண்டியைக் கிளப்பினாள் என்று அவளுக்கே தெரியாது. வீடு வந்து தாழ்ப்பாளைப் போட்டாள். அவளும் ஒண்டிக்கட்டைதான்.

போன் அடித்தது.

"நர்ஸம்மா... நீங்க போனதுலேர்ந்து தொடவே மாட்டேங்குது. கண்ணை மூடிக்கிட்டேதான் கெடக்கேன்... உங்க கூட வந்துருச்சா?"

சித்தி தாழ்ப்பாளைத் திரும்பிப் பார்த்தாள்.

"வந்திருந்தா... திருப்பி அனுப்பிருங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

நாள் முழுக்க நின்ற கால், அவளுக்கும் வீங்கியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்தாள். கணுக்காலில் ஒரு குழி. பக்கத்தில் இன்னொன்று விழுந்துகொண்டிருந்தது... ஆழமாக, எலும்பு வரைக்கும்.

அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. தொட்ட மாதிரிகூட இல்லை.