இருபத்தேழு பாகை

— இருபத்தேழு.

— வடிவாப் பாரும், கிறேஸ்.

— போனிலை எடுத்த வீடியோவை நிப்பாட்டி, பாகைமானியைக் கண்ணாடிக்கு மேலை வைச்சு வடிவாத்தான் பாக்கிறன். இது மணல், அடிக்கோடு. இது உங்கட பந்து கிளம்பின கோடு. இருபத்தேழு பாகை.

— காலமையும் அதுதானே சொன்னனீர்?

— காலமை இருபத்தெட்டு. முன்னேறியிருக்கிறியள்.

— பகிடி விடாதேயும்.

— பாக்க வடிவாத்தான் கிடக்கு. மேலை போகுது, சோளகக் காத்தோடை நிண்டு கதைக்குது, பேந்து களைச்சுப்போய் விழுது. ஏழாம் நம்பர் மட்டையாலை அடிச்ச பந்தெண்டு ஆரும் சொல்லாயினம்.

— துவாய்க்குக் கிட்டவும் போகேல்லையோ?

— துவாய் கட்டின தடி நூற்றைம்பது எட்டிலை நிக்குது. உங்கட பந்து நூறுகூடத் தாண்டேல்லை.

— நூற்றைம்பது எண்டு எப்பிடிச் சொல்லுறீர்? நீர் எட்டு வைச்சு எண்ணி நட்டதை நான் காணேல்லையே.

— ...அந்தத் தாழம்பற்றை மட்டும் நூற்றைம்பதுதான். ஒரு கண்மதிப்பு. நீங்கள் மற்றப் பந்தை வையுங்கோ.

— கணக்கு ரீச்சரைக் கட்டினா இதுதான் வினை. கோல்ஃப் அடிக்கிற மனிசனுக்கும் பாகைமானி.

— அந்தக் கணக்கு ரீச்சர்தான் நெடுந்தீவிலையிருந்து முதல் வள்ளத்திலை உங்களை மண்கும்பானுக்கு இழுத்துக்கொண்டு வந்தவள். ஏன் தெரியுமோ?

— புருசனோடை கடற்கரை பாக்க.

— ஆசையைப் பார்! இஞ்சை மணல். எங்கட வளவிலை கல்லு. அதின்ர வித்தியாசத்தை அடிச்சுக் காட்டுறன்... இல்லை, சொல்லிக் காட்டுறன்.

— ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள்தான் கிடக்கு, கிறேஸ்.

— தெரியும். பத்துப் பந்து.

— கொழும்புக் கிளப்பிலை பத்திலை ஆறு கொடிக்குக் கிட்ட விழவேணும். பேந்து, அடிக்கத் தெரியாமல் தடுமாறுற ஒரு ஆளைக் கொண்டுவந்து முன்னாலை நிப்பாட்டுவினம். அரை மணித்தியாலத்துக்குள்ளை அவரின்ர பிழையைக் கண்டுபிடிச்சுத் திருத்திக் காட்டவேணும். பிள்ளையளுக்குக் கோல்ஃப் பழக்கிற வேலையெல்லோ.

— அதுக்கு முதல் உங்கட பிழையைத் திருத்துவம். அதுசரி, கொழும்பு பஸ்ஸிலை எனக்கும் ஏன் இடம் பதிஞ்சனீங்கள்?

— ஒரு துணைக்குத்தான்.

— துணைக்கோ! ஞாயிறு பூசைக்கு ரெண்டு பேரையும் காணேல்லையெண்டு சுவாமியார் கேக்கப்போறார்.

— வேலை கிடைச்சா அவருக்கு ஒரு மெழுகுதிரிப் பெட்டி. கிடைக்காட்டில்... திங்கக்கிழமை டோகாக்காரருக்குப் பதில் சொல்லவேணும்.

— அந்தக் கதையை எடுக்காதேங்கோ.

— எடுக்காமல் விட்டா அவையள் விடுவினமே?

— ஒன்பது வருசம் நீங்கள் அங்கை கோல்ஃப் திடலிலை புல்லு வெட்ட, நான் இஞ்சை போனோடை குடும்பம் நடத்தினது காணும். இன்னும் மூண்டு வருசம் எனக்கு ஏலாது. சொல்லிப்போட்டன்.

— புல்லு வெட்டினது மட்டுமே?

— இல்லைத்தான். வெள்ளைக்காரர் அடிக்கிறதைப் பாத்துப் பாத்தே பழகி, அவையள் போனாப்பிறகு தனிய நிண்டு அடிச்ச ஆள் நீங்கள். வெளிக்கிடேக்கை அந்த மனேச்சர் தன்ர மட்டையையே தூக்கித் தந்து விட்டவர். எனக்குப் பெருமைதான். கனக்கச் சொன்னா உங்களுக்குத் தலைக்கேறும்.

— ஏறட்டும், சொல்லும்.

— பந்தை வையுங்கோ... பொறுங்கோ, மணலிலை ஒரு கோடு கீறுறன். அந்தக் கோட்டுக்கு மேலை வையுங்கோ. ஓம். இனி அடியுங்கோ.

— ...

— ம்.

— என்ன, ம்?

— குனிஞ்சு பாருங்கோ. மட்டை மணலைக் கிண்டின இடம் கோட்டுக்குப் பின்னாலை. நாலு விரற்கடை பின்னாலை.

— அப்ப முதல் மணலிலை படுது, பேந்துதான் பந்திலை.

— ஓம். கல்லுத்தரையிலை இந்த அடையாளம் விழாது, அதாலை இவ்வளவு நாளும் உங்களுக்கும் தெரியேல்லை. மட்டை இறங்கேக்கை என்ன நினைக்கிறியள்? மெய்யைச் சொல்லுங்கோ.

— கல்லைத்தான்.

— இஞ்சை கல்லில்லையே.

— தெரியும். ஆனா முழங்கை தானா மடங்குது. டோகாவாலை வந்த புதுசிலை எங்கட வளவிலை மட்டை முருகைக்கல்லிலை பட்டு நெருப்புப் பொறி பறந்தது. எனக்கு நெஞ்சு பத்திப்போச்சு. அண்டையிலிருந்து...

— அண்டையிலிருந்து பின்காலிலை சாஞ்சு நிண்டு பந்தைக் கிள்ளி எடுக்கிறியள். கீரை கிள்ளுற மாதிரி.

— உமக்குப் பகிடி. அது ஒரு மனிசன் மனம்வைச்சுத் தந்த மட்டை.

— பகிடியில்லை, மெய்யாத்தான். அந்தக் கல்லுக்குள்ளை நிண்டு ரெண்டு வருசம் அடிச்சும் பேந்து ஒரு கீறல் விழேல்லை. அது ஆராலை ஏலும்? ஆனா அந்தக் கெட்டித்தனம்தான் இப்ப உங்களைக் கெடுக்குது. பந்தைத் தூக்கப் பாக்கிறியள். தூக்கிறது உங்கட வேலையில்லை.

— பேந்து ஆரின்ர வேலை?

— மட்டையின்ர முகத்தைப் பாருங்கோ. செய்தவன் சரிச்சுத்தானே செய்து வைச்சிருக்கிறான். அது தன்ர பாட்டிலை தூக்கும். நீங்களும் சேந்து தூக்கிறபடியால்தான் இருபத்தேழு.

— அப்ப நான் என்ன செய்ய, பாத்துக்கொண்டு நிக்கிறதோ?

— கீழ்நோக்கி அடியுங்கோ. பாரம் இடக்காலிலை. பந்திலை படேக்கை கை ரெண்டும் பந்தைத் தாண்டி முன்னாலை நிக்கவேணும், மட்டை பின்னாலை வரட்டும். முதல் பந்து, பேந்து மணல்.

— கீழை அடிச்சா பந்து கீழையெல்லோ போகும்?

— போகாது. ஒருக்கா என்னை நம்புங்கோ.

— ...சரி. இது?

— முப்பத்தொண்டு.

— கோதாரி!

— வாயைப் பார்! கால் சொல்லுக் கேட்டது, மணிக்கட்டுத்தான் கடைசி நேரம் பழைய புத்தியைக் காட்டிட்டுது. ஒரு வேலை செய்வம். பந்தே வேண்டாம். கோட்டை மட்டும் அடியுங்கோ. கோட்டுக்கு முன்னாலை மணல் பறக்கவேணும்.

— பந்தில்லாமலோ? பாக்கிற சனம் விசரன் எண்டு சொல்லும்.

— நாலு மாடும் ஒரு நாயும்தான் பாக்குது. அடியுங்கோ... பின்னாலை. இன்னொருக்கா... இன்னும் கொஞ்சம் முன்னாலை... ஆ! அதுதான்! அதை விடாதேங்கோ!

— முழங்கை மடங்கேல்லை.

— மணல் எங்கை இடிக்கிறது? போகவிடுங்கோ. சரியாப் பட்டா கைக்கு ஒண்டுமே தெரியாது. அடிச்சனோ இல்லையோ எண்டு ஐமிச்சமாக் கிடக்கும். நிமிர்ந்து பாத்தாத்தான் பந்து போறது தெரியும். என்னையேன் பாக்கிறியள்? பந்தை வைச்சு அடியுங்கோ.

— ...இது?

— இருபத்திரெண்டு! மற்றதை வையுங்கோ, கெதியா. சூடு ஆற முதல்.

— ...

— பத்தொன்பது. பத்தொன்பது! அங்கை பாருங்கோ, காத்தாலை ஒண்டும் செய்ய ஏலேல்லை... போகுது... விழுந்து... உருண்டு... மாதாவே, தடியிலை முட்டிட்டுது!

— கிறேஸ்.

— தடியிலை! கண்டனீங்களோ? நூற்றைம்பது எட்டு!

— கண்டனான். கைக்கு ஒண்டும் தெரியேல்லை.

— நான் சொன்னனானெல்லோ.

— ஓம், சொன்னனீர். அது உமக்கு எப்பிடித் தெரியும்?

— எது? அது... வீடியோவிலை...

— வீடியோவிலை கை தெரியும். கைக்கு என்ன தெரியுதெண்டு தெரியாது. மட்டையின்ர முகத்திலை வரிவரியா வெட்டியிருக்கெல்லோ, அந்த வரிக்குள்ளை நெடுக மணல் கிடக்குது. எங்கட வளவிலை மணலில்லை, கிறேஸ்.

— ...சனிக்கிழமையிலை. இஞ்சை ரியூசன் குடுக்க வாறனானெல்லோ. நீங்கள் கடலுக்குப் போனாப்பிறகு, பாய்க்குள்ளை சுத்தி வள்ளத்திலை கொண்டுவாறனான்.

— எவ்வளவு காலமா?

— போன தையிலிருந்து. முதல் ஆசைக்கு ஒருக்கா எண்டுதான் தொட்டனான். பேந்து விட ஏலாமல் போச்சுது. இந்தக் கோடு கீறுறதெல்லாம் இதிலை நிண்டு நானாப் பிடிச்சதுதான். எனக்கும் முதல் முப்பது பாகையிலைதான் போனது.

— பாய்க்குள்ளை சுத்தி... வள்ளத்திலை ஆரும் கேக்கேல்லையே?

— வள்ளக்காரத் தம்பிஐயா அண்ணை கேட்டவர். தையல் மெசினுக்கு ஒரு சாமான் எண்டனான். எங்களிட்டை இருந்த பன்னிரண்டு பந்திலை காணாமல்போன அந்த ஒண்டையும் நான்தான் துலைச்சனான். நாய் கொண்டுபோனதெண்டு சொன்னது பொய். கோவமே?

— இப்ப உமக்கு எத்தினை பாகை?

— ...பதினெட்டு.

— எப்பவுமோ?

— காத்துக்கூடினா பதினேழு. கேக்காமல் எடுத்தது பிழைதான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. என்ர கதையை விடுங்கோ. நீங்கள் ஞாயிற்றுக்கிழமையும் இப்பிடியே அடிச்சாக் காணும். ஆறென்ன, எட்டு விழும்.

— இதைப் பிடியும்.

— என்ன, பந்தோ? இது... இது எங்கை கிடந்தது?

— அந்தத் தாழம்பற்றைக்குள்ளை. என்ர காலடியிலை வந்து விழுந்தது. போன மாசம் ஒரு சனிக்கிழமை எஞ்சின் பழுதாகி நேரத்தோடை கரைக்கு வந்தனான். பாத்தா அலுமாரியிலை மட்டையில்லை. அடுத்த வள்ளத்திலை வந்து அந்தப் பற்றைக்குள்ளை நிண்டனான்.

— ஐயோ! ஏன் கூப்பிடேல்லை?

— கோவத்திலை பேசத்தான் வந்தனான். நீர் அடிக்கிறதைக் கண்ட உடனை கோவத்தை மறந்துபோனன். ஒன்பது வருசம் எத்தினை பேர் அடிக்கப் பாத்தவன் நான்... அப்பிடி ஒரு அடியைக் காணேல்லை, கிறேஸ். கவிட்டுக் கிடக்கிற உந்த வள்ளத்துக்குப் பின்னாலை ஒளிச்சிருந்து போனிலை எடுத்தனான்.

— சொல்லாமல் கொள்ளாமலோ? என்னத்துக்கு?

— நான் கொழும்புக்கு அனுப்பின வீடியோவுக்குப் பதில் வந்ததெல்லோ...

— ஓம். ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி.

— முதல் வந்த பதில் அதில்லை. பந்து உயரம் கூட, எங்களுக்குச் சரிவராது எண்டுதான் வந்தது. உமக்கு அதை மறைச்சுப்போட்டன்.

— அப்ப... அப்ப ஞாயிற்றுக்கிழமை? பஸ்ஸுக்குப் பதிஞ்சது? இவ்வளவு நேரமும் என்னைக்கொண்டு இந்தக் கூத்து...

— கூத்தில்லை. வேணுமெண்டு பிழையா அடிக்கேல்லை, அது என்ர சொந்தப் பிழை. அவையள் கேட்டது அரை மணித்தியாலம். நீர் கோடு கீறினதிலிருந்து மணிக்கூடு பாத்தனான். இருபது நிமிசம்.

— எனக்கொண்டும் விளங்கேல்லை. அப்ப உங்களுக்கு வேலை?

— அவையளுக்குப் புல்லுப் பாக்கவும் ஆள் தேவையாம். கேட்டு வைச்சிருக்கிறன். அது எனக்குக் கைவந்த வேலை. இந்தாரும் என்ர போன், ரெண்டாவதா வந்த கடிதம். மேலையிருந்து வாசியும்.

— "திருமதி கிறேசம்மா மரியதாசன் அவர்களுக்கு... உங்கள் கணவர் அனுப்பிய, நீங்கள் அடிக்கும் காணொளியைப் பார்த்தோம். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு... உங்கள்... உங்கள் மட்டையுடன் வரவும்."