காணாமற்போன குட்டியைத் தேடப் போனவர்

அவையை அன்போடு நடத்தும் தலைவர், எங்கள் போதகர் ஐயா அவர்களே, மேடையின் நடுநாற்காலியை நிறைத்திருக்கும் சிறப்பு விருந்தினர், பண்ணை ஐயா அவர்களே, பாட்டும் படிப்பும் பணிவும் எங்களுக்குப் பழக்கிய ஞாயிறு பள்ளி ஆசிரியை அக்கா அவர்களே, முக்காடிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தூணோரம் நிற்கும் பெரியோர்களே, எனக்கு முன்பே பேசி முடித்த நிம்மதியில் மிட்டாய் மென்றுகொண்டிருக்கும் தோழர் தோழியரே, உங்கள் அனைவருக்கும் ஆடு மேய்ப்பவரின் மகளுடைய வணக்கம்.

'வயல்வெளி எனக்குச் சொன்ன வேதம்' என்பது எனக்குத் தந்த தலைப்பு. வயல்வெளியில் வளர்ந்த பிள்ளை என்பதால் தந்தார்கள். அந்த வயலும் மேடும் ஓடையும் பண்ணை ஐயாவுக்குச் சொந்தம். அவற்றின் நினைவுகள் மட்டும் எனக்குச் சொந்தம். எனவே சொந்தமானதிலிருந்தே பேசுகிறேன்.

மழை நல்லவர் நிலத்திலும் பெய்யும், கெட்டவர் நிலத்திலும் பெய்யும் என்று படித்தோம். பெய்கிறது, நானே பார்த்திருக்கிறேன். ஆனால் பெய்த மழை ஓடையில் சேர்ந்த பிறகு மதகுக்கு ஒரு பூட்டு இருக்கிறது. சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் வயல்தான் முதலில் நனைகிறது. வானத்திலிருந்து சமமாக இறங்கிய நீதி, வாய்க்காலுக்கு வந்ததும் ஏன் வற்றிப்போனது?

ஆசிரியை அக்கா கைக்குட்டையை எடுக்கிறார். "இனிமையா முடிச்சிடும்மா" என்று அக்கா சொன்னது நினைவிருக்கிறது. முயல்கிறேன், அக்கா.

என் சிறுவயதில் அப்பா ஆட்டுப்பட்டிக்கு முள்வேலி கட்டிவிட்டு வருவார். விளக்கடியில் அம்மா ஊக்கை வைத்து அவர் உள்ளங்கையிலிருந்து முள் எடுப்பார்.

"கொஞ்சம் பார்த்துக் கட்டக் கூடாதா? கையா இது, சல்லடையா?" என்பார் அம்மா.

"ஆண்டவருக்குத் தலையில வச்சாங்க. எனக்குக் கையிலதானே. விடு" என்பார் அப்பா.

முட்கிரீடத்தை நீங்கள் படத்தில் பார்த்தீர்கள். நான் அப்பாவின் கையில் பார்த்தேன். வேதம் அவருக்குப் புத்தகத்தில் இல்லை, அவருக்கு எழுத்து தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காதால் கேட்பார். திங்கட்கிழமை மேட்டில் அதை மேய்ப்பார்.

அந்த அப்பா இன்று இங்கே வரவில்லை. பண்ணை ஐயா எங்களுக்குத் தங்கத் தந்த வீட்டை நாளைக் காலையில் காலி செய்கிறோம். போவதற்குள் அவருடைய கேள்வி ஒன்றுக்குப் பதில் வேண்டும். இந்தப் பேச்சுப் போட்டிக்குப் பரிசுக்காகத்தான் பெயர் கொடுத்தேன். இப்போது பதிலுக்காகப் பேசுகிறேன்.

கேள்வி எப்படிப் பிறந்தது? சொல்கிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு. காணாமற்போன ஆட்டின் கதை இந்த ஆலயத்தில் வாசிக்கப்பட்டது. வாசித்தவர் பண்ணை ஐயா. கணீரென்று வாசித்தார். மற்றத் தொண்ணூற்றொன்பது ஆடுகளையும் விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பனை எண்ணி அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த வாரமே அவருக்குப் பரீட்சை வந்தது. அம்மாவும் நானும் மேட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோனோம். எப்போதும் கடைசியாக நடந்து வரும் குட்டி ஒன்று உண்டு. அதற்கு 'சோம்பேறி' என்று பெயர் வைத்திருந்தோம்.

"சோம்பேறியைக் காணோம்" என்றார் அப்பா.

"கண்ணாடியில பார்த்தீங்களா?" என்றார் அம்மா.

அப்பா சிரிக்கவில்லை. பள்ளத்துப் பக்கம் காதைத் திருப்பி நின்றார். "நான் இறங்கிப் பார்த்துட்டு வர்றேன்."

"மத்ததை யார் பார்க்கிறது? நான் பால் கறக்கப் போகணும். இவளுக்குப் பரீட்சை."

"அந்த மேய்ப்பர் விட்டுட்டுத்தானே போனாரு?"

"அவருக்கு அது சொந்த ஆடுங்க. உங்களுக்கு?"

பின்வரிசை அண்ணன்மார்களே, சிரியுங்கள், பரவாயில்லை. நானும் அன்று சிரித்தேன். எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். என் அம்மா கேட்ட அந்தக் கேள்வியை எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

அப்பா பள்ளத்தில் இறங்கினார். குட்டி பாறையிடுக்கில் கால் சிக்கிக் கிடந்தது. தோளில் தூக்கிக்கொண்டு மேலே வந்தார், இந்த ஆலயச் சுவரில் மாட்டியிருக்கும் நல்ல மேய்ப்பர் படத்தில் இருக்கிறதே, அதே போல. வந்து பார்த்தால் மேட்டில் ஆடுகள் இல்லை. பண்ணை ஐயாவின் மக்காச்சோளத்தில் நின்று மேய்ந்துகொண்டிருந்தன.

மறுநாள் களத்துமேட்டில், ஆட்கள் எல்லாரும் பார்க்க, பண்ணை ஐயா கேட்டார்: "ஒண்ணு போனா போகுதுன்னு விடத் தெரியாதா உனக்கு?"

"ஐயா, போன ஞாயித்துக்கிழமை நீங்கதானே அதை வாசிச்சீங்க" என்றார் அப்பா. குத்திக்காட்டவில்லை. நம்பித்தான் சொன்னார்.

"வாசிப்பு வேற, வேலை வேற. கணக்கு முடிச்சுக்கிட்டு வீட்டைக் காலி பண்ணு."

பண்ணை ஐயா அவர்களே, நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சோளம் போனது உண்மை. அதை இல்லை என்று சொல்ல நான் வரவில்லை.

அப்பா போதகர் ஐயாவிடம் போனார். வேலையைத் திரும்ப வாங்கித் தரச் சொல்லி அல்ல. "நான் கதையைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேனா ஐயா?" என்று கேட்க. போதகர் ஐயா தேநீர் தந்து, பரிவாகத்தான் பேசினார். "அது ஆத்துமாவைப் பத்தினதுப்பா. ஆட்டைப் பத்தினது இல்ல."

"சரிங்க ஐயா" என்று அப்பா வந்துவிட்டார். வீட்டில் என்னைக் கேட்டார்: "அப்போ ஆண்டவர் ஆடுன்னு ஏன் சொன்னாரு?"

நான் படித்தவள். பதில் தெரியவில்லை. அன்றிலிருந்து அப்பா ஆலயத்துக்கு வருவதில்லை. சாப்பிடும்முன் கண் மூடுவதில்லை. "எனக்குப் புரியாத வீட்டுல எனக்கு என்ன வேலை" என்கிறார்.

நேரம் பார்க்கும் ஐயா, மணியை அடிக்க வேண்டாம். முடிக்கிறேன்.

இதே சுவரில் அந்தப் படத்தை மாட்டியவர்கள் நாம். அதற்கு மாலை போட்டவர்கள் நாம். அதன் கீழ் அமர்ந்து அழுதவர்கள் நாம். படத்தில் இருப்பவர் குட்டியைத் தூக்கினால் பாடுகிறோம். பக்கத்து வீட்டுக்காரர் தூக்கினால் வெளியேற்றுகிறோம். ஆத்துமாவைப் பற்றிய கதை என்றே வைத்துக்கொள்வோம். என் அப்பாவுக்கு ஆத்துமா இல்லையா? அது இப்போது எந்தப் பள்ளத்தில் கிடக்கிறது? இங்கே தொண்ணூற்றொன்பது பேர் பத்திரமாக, வரிசையாக, மின்விசிறிக் காற்றில் உட்கார்ந்திருக்கிறோம். எழுந்து போகிறவர் யார்?

நீங்கள் வந்து, "நீ தப்பாகத்தான் புரிந்துகொண்டாய்" என்று சொன்னாலும் சொல்லுங்கள். அவர் கேட்டுக்கொள்வார். "சரியாகத்தான் புரிந்துகொண்டாய், எங்களுக்குத்தான் துணிவில்லை" என்று சொன்னாலும் சொல்லுங்கள். ஆனால் வாருங்கள். பதில் இல்லாமல் அவரை அனுப்பாதீர்கள்.

ஓடை தாண்டி முதல் வீடு. இரவு முழுதும் மூட்டை கட்டிக்கொண்டிருப்போம். தட்ட வேண்டியதில்லை, பூட்டையும் தாழ்ப்பாளையும் பண்ணை ஆள் நேற்றே கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கும், கேட்க முடியாமல் தலைகுனிந்த தாய்மாருக்கும், மணியை அடிக்காமல் கையில் பிடித்தபடியே இருந்த ஐயாவுக்கும் என் நன்றி. உங்கள் அனைவருக்கும் ஆண்டவருடைய சமாதானம் உண்டாவதாக. அதில் கொஞ்சம் எங்கள் வீட்டுக்கும் கொண்டுவாருங்கள். வணக்கம்.